ரிவிஷனை அழித்தேன், வேகம் வரவில்லை

இங்கே வரும் இரும்பைக் குறிப்புகள் எதையும் நான் நேராக இணையத்தில் எழுதுவதில்லை. பழைய லேப்டாப் ஒன்றில் ஸாம்ப் நிறுவி, அதற்குள் ஒரு வேர்ட்பிரஸ் வைத்திருக்கிறேன். கோயில் படங்கள், ஏரி குளங்களின் பெயர்கள், பெரியவர்கள் சொன்ன கதைகள், படித்ததிலிருந்து எடுத்தவை எல்லாம் முதலில் அதற்குள் போகும். அடித்துத் திருத்தி, இது தேறும் என்று தோன்றுவது மட்டும் இங்கே ஏறும். எங்கள் பக்கம் நெட் வரும், போகும், சில நாள் வந்த மாதிரி இருந்துகொண்டே வராமல் இருக்கும். அதனால்தான் இந்த ஏற்பாடு. (அந்தக் கடைசி வகை நெட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.)

போன வருடம் அந்த லோக்கல் தளம் நகராமல் போனது. டேஷ்போர்டு திறக்கப் பதினைந்து விநாடி. ஒரு பதிவைச் சேமிக்கக் கொடுத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். மாகாளேசுவரர் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு காலம் வீணாகிறதே என்று புலம்புவது சரியில்லைதான். ஆனால் எழுதுகிறவனுக்கு அந்தப் பதினைந்து விநாடியில் கையில் இருந்த வாக்கியம் ஓடிவிடுகிறது. இரண்டு மாதம் நான் ஒன்றும் எழுதவில்லை. சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொன்னார்கள். பாதி உண்மை.

அதைச் சரிசெய்யப் போய் ஒன்றைத் தொலைத்தேன். "வேர்ட்பிரஸ் ஸ்லோவா இருக்கா? இதைச் செய்யுங்க" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் குவிந்து கிடக்கும் வீடியோக்கள், கட்டுரைகள் மேல் எனக்கு இருக்கும் புகார் அங்கேதான் தொடங்குகிறது.

பட்டியல் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கேஷ் ப்ளகின் போடு, மெமரி லிமிட்டை ஏற்று, தேவையில்லாத ப்ளகின்களைத் தூக்கு, படங்களைச் சுருக்கு, டேட்டாபேஸைச் சுத்தம் செய், ரிவிஷன்களை அழி. வரிசை மட்டும் மாறும். பதினைந்து விநாடி எங்கே போகிறது என்று முதலில் பார்த்தாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த கடைக்காரத் தம்பியும் கேட்கவில்லை. "ரேம் போட்டா பறக்கும் சார்" என்றார். நல்ல வேளை, அன்றைக்குக் கையில் காசு இல்லை.

நானும் பட்டியலை ஒவ்வொன்றாகச் செய்தேன். கடைசியில் வந்தது சுத்தம் செய்யும் ப்ளகின் ஒன்று. பெயர் வேண்டாம், குற்றம் அதனுடையது மட்டும் இல்லை. உன் டேட்டாபேஸில் இத்தனை ஆயிரம் ரிவிஷன் குப்பையாகக் கிடக்கிறது என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. குப்பை என்று சொன்னால் நமக்குக் கை பரபரக்கும் இல்லையா? அழுத்திவிட்டேன். சுத்தம் ஆனது. டேஷ்போர்டு திறந்தேன். பதினைந்து விநாடி.

ரிவிஷன் என்றால் தெரியாதவர்களுக்கு: வேர்ட்பிரஸில் 2008இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து, ஒரு பதிவைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் திருத்தத்துக்கு முந்தைய நிலையும் தனியாகத் தங்கிவிடும். நாம் கட்டுப்படுத்தாவிட்டால் கணக்கே இல்லாமல் சேரும். செய்தித்தளம் நடத்துகிறவருக்கு அது குப்பையாக இருக்கலாம். எனக்கு அது வேறு.

இரும்பைக் கோயில் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஆரோவில் பக்கம் வருகிற வெளியூர்க்காரர்களுக்குக்கூடச் சொல்கிறார்கள். கடுவெளிச் சித்தர் தவத்தில் இருக்கிறார், ஊரில் மழை இல்லை. ராஜா ஒரு தாசியை அனுப்பித் தவத்தைக் கலைக்கச் சொல்கிறார். பிறகு கோயிலில் அவள் ஆடும்போது காலில் இருந்தது கழன்று விழுகிறது, சித்தர் எடுத்து மாட்டிவிடுகிறார், கூட்டம் சிரிக்கிறது, அவர் பாடுகிறார், லிங்கம் வெடிக்கிறது. மூன்றாகப் பிளந்த லிங்கத்தைப் பட்டம் கட்டிச் சேர்த்து வைத்திருப்பதாகச் சொல்வார்கள். இந்தக் கதையை எங்கள் தெருவில் ஒரு பெரியவர் எனக்கு மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து சொன்னார். போனில் பதிவு செய்தால் அவர் பேச்சு மாறிவிடும், அதனால் அவர் சொல்லச் சொல்லவே தட்டினேன். அவர் வாயில் வந்தபடியே. பிறகு எனக்கு ஒரு கெட்ட புத்தி. "பேச்சு வழக்கு ரொம்ப இருக்கே" என்று எழுத்துத்தமிழுக்கு மாற்றி மாற்றிச் சேமித்தேன். முதல் வடிவம் ரிவிஷனில் இருக்கிறது, எங்கே போகப்போகிறது என்ற தைரியம். அவர் தவறிவிட்டார். இப்போது என்னிடம் இருப்பது என் தமிழில் இருக்கும் அவர் கதை. காலில் இருந்து விழுந்ததை நான் "சிலம்பு" என்று எழுதியிருக்கிறேன். அவர் "தண்டை" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மற்ற சொற்கள் போயின.

திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன். இன்னோடிபி வகை அட்டவணையில் ஒரு வரியை அழித்தால், அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படும் வரை ஃபைலுக்குள் அந்த எழுத்துகளின் மிச்சம் கொஞ்ச காலம் கிடக்க வாய்ப்பு உண்டு. தோண்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த ப்ளகின் அழித்த கையோடு அட்டவணையை ஆப்டிமைஸ் செய்துவிடுகிறது. இன்னோடிபிக்கு ஆப்டிமைஸ் என்றால் அட்டவணையைப் புதிதாகக் கட்டுவது. பழைய ஃபைல் போய்ப் புது ஃபைல் வந்துவிடும். மாற்றங்களை வரிசையாகக் குறித்து வைக்கும் பைனரி லாக் என்ற ஒன்றும் உண்டு, ஸாம்பில் அது இயல்பாக அணைந்தே இருக்கிறது. பேக்கப் எடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. ஆமாம்.

சரி, ரிவிஷன் அழித்தால் வேகம் கூடும் என்பதில் எவ்வளவு உண்மை? என் மாதிரி ஆட்களின் அளவுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு சர்வே எண்ணுக்கு வில்லங்கம் கேட்டால் அந்த அலுவலகத்தில் பதிவான எல்லாப் பத்திரத்தையும் புரட்ட மாட்டார்கள். அட்டவணை பார்த்து நேராக அந்த இடத்துக்குப் போவார்கள். வேர்ட்பிரஸின் பதிவு அட்டவணையிலும் அப்படி ஓர் இண்டெக்ஸ் இருக்கிறது: பதிவின் வகை, நிலை, தேதி என்ற வரிசையில். ரிவிஷன் என்பது தனி வகை. வெளியான பதிவுகளைக் கேட்கும்போது அந்தப் பக்கமே போகாது. லட்சக்கணக்கில் வரிகள் சேர்ந்த பெரிய தளம், இடத்துக்கு வாடகை எண்ணி வாங்கும் ஹோஸ்டிங் என்றால் ரிவிஷனுக்கு வரம்பு வைப்பதில் அர்த்தம் உண்டு. அந்த இடத்தில் பிறந்த அறிவுரை, யாரும் யோசிக்காமல் ஒருவர் ஒருவராகக் கைமாறி, இரும்பையில் ஒரு லேப்டாப் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

மற்ற அறிவுரைகளும் இதே ரகம். கேஷ் ப்ளகினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டு, அடுத்து வருகிற வாசகருக்கு அதையே கொடுப்பது அதன் வேலை. என் லோக்கல் தளத்துக்கு வாசகர் யார்? நான் ஒருவன். அதுவும் எப்போதும் உள்நுழைந்த நிலையில். உள்நுழைந்தவருக்கு இந்தப் ப்ளகின்கள் பெரும்பாலும் கேஷைக் காட்டுவதே இல்லை, டேஷ்போர்டு பக்கத்தைத் தொடுவதும் இல்லை. தொடவும் கூடாது. ஆக, என் பிரச்சினை இருக்கும் இடத்துக்கு அது வராது. வராதது மட்டுமா, தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கோடைக் கூடவே ஓட்டும்.

மெமரி லிமிட்டும் அப்படித்தான். அது ஓர் உச்சவரம்பு. பிஹெச்பி அந்த அளவைத் தாண்டினால் நிரல் செத்துவிடும், தாண்டாத வரை அந்த எண்ணுக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஏரிக்கரையை உயர்த்திக் கட்டினால் மதகில் தண்ணீர் வேகமாக வருமா, அதுவும் ஏரியே கால்வாசிதான் நிரம்பியிருக்கும்போது?

பிறகு நடந்தது தற்செயல். ஒரு நாள் கோபத்தில் வைஃபையை அணைத்துவிட்டு டேஷ்போர்டைத் திறந்தேன். ஐந்தே விநாடி. மறுபடி வைஃபை போட்டேன், பதினைந்து. லேப்டாப்புக்குள்ளேயே ஓடுகிற தளத்துக்கு வைஃபை எதற்கு?

அப்புறம்தான் ஒழுங்காக அளக்க உட்கார்ந்தேன். கஷ்டமான வேலை இல்லை. வேர்ட்பிரஸ் ஃபோல்டரிலேயே ரீட்மீ என்று ஓர் எச்டிஎம்எல் ஃபைல் இருக்கும். அதை பிரவுசரில் திறந்தேன், உடனே வந்தது. அப்படியானால் அப்பாச்சி நன்றாக இருக்கிறது. ஒரே வரி பிஹெச்பி ஃபைல் எழுதித் திறந்தேன், அதுவும் உடனே. பிஹெச்பியும் நன்றாகத்தான் இருக்கிறது. தளத்தின் முகப்பு, நான்கு விநாடி. டேஷ்போர்டு, பதினைந்து. இந்த நாலு படியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிக்கு க்வெரி மானிட்டர் என்ற இலவசப் ப்ளகின். இது எதையும் சரிசெய்யாது, வெறுமனே காட்டும். அதனால்தானோ என்னவோ பட்டியல்களில் அதிகம் வருவதில்லை. டேட்டாபேஸ் கேள்விகளுக்கு மொத்தம் கால் விநாடிகூட ஆகவில்லை. வெளியே போகும் அழைப்புகள் என்ற பகுதியில் இரண்டு வரி சிவப்பாக இருந்தது. ஒவ்வொன்றும் ஐந்து விநாடி, பதில் வரவில்லை.

இரண்டும் வேர்ட்பிரஸின் சொந்த சர்வருக்குப் போகிற அழைப்புகள். உங்கள் பிரவுசர் பழசா என்று ஒன்று கேட்கிறது. உங்கள் பிஹெச்பி பழசா என்று இன்னொன்று. டேஷ்போர்டு திறக்கும்போது, பக்கத்தை அனுப்புவதற்கு முன்னால், இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் மேலே நகரும். வேர்ட்பிரஸ் இப்படி வெளியே கேட்கும்போது, தனியாகச் சொல்லாவிட்டால், பொறுத்திருக்கும் நேரம் ஐந்து விநாடி. ஐந்தும் ஐந்தும் பத்து. நெட் சுத்தமாக இல்லை என்றால் முகவரியே கிடைக்காமல் அழைப்பு அப்போதே தோற்றுவிடும், தாமதம் இல்லை. நெட் நன்றாக இருந்தால் பதில் சட்டென்று வரும், தாமதம் இல்லை. ரவுட்டரில் விளக்கு எரிந்துகொண்டு, தண்ணீர் வராத குழாய் மாதிரி நெட் இருக்கும்போதுதான் முழு ஐந்து விநாடியும் நிற்கும். அதாவது எங்கள் ஊர் நெட் இருக்கிற மாதிரி இருந்தால்.

இதில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது அடுத்த விஷயத்தில். பதில் வந்துவிட்டால் வேர்ட்பிரஸ் அதைக் குறித்து வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு மறுபடி கேட்காது. பதில் வராவிட்டால் எதையும் குறித்து வைப்பதில்லை. அடுத்த முறை திறந்தாலும் கேட்கும், அதற்கடுத்த முறையும் கேட்கும். நல்ல நெட் இருப்பவருக்கு வாரம் ஒருமுறை அரை விநாடி, அரைகுறை நெட் இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் பத்து விநாடி. "கேட்டேன், கிடைக்கவில்லை, ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்போம்" என்று குறித்துவைக்க நாலு வரி கோடு போதும். எழுதாமல் விட்டது வன்மத்தால் இல்லை. எழுதியவர்களின் மேஜையில் நெட் அரைகுறையாக இருந்ததே இல்லை, அவ்வளவுதான். ப்ளகின்களுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும் பகுதியில், கேட்பதற்கு முன்பே நேரத்தைக் குறித்து வைக்கிறார்கள். ஆக அவர்களுக்குத் தெரியாத வித்தை இல்லை.

வேகத்துக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு குறை, அதே ஜாதி என்பதால் சொல்லிவிடுகிறேன். பதிவின் முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடம் 200 எழுத்து. ஆங்கிலத்துக்குத் தாராளம். தமிழ்த் தலைப்பு முகவரியாக மாறும்போது ஒவ்வொரு யூனிகோடு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். "இரும்பை" நமக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் ஏழு குறி, முகவரியில் 63 இடம். ஊர் பெயரை மூன்று தடவை எழுதினால் இடம் தீர்ந்தது. தமிழ் வலைப்பதிவுகளின் முகவரிகள் பாதி வார்த்தையில் முறிந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

வெளி அழைப்புகளை நிறுத்துவது சுலபம். டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலில், வெளி எச்டிடிபி அழைப்புகளைத் தடுக்கும் மாறிலி ஒன்று உண்டு, அதை ட்ரூ என்று வைத்தால் போதும். ஆனால் அதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும்: புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்ற செய்தியும் நின்றுவிடும். நான் மாதம் ஒருமுறை, புதுச்சேரி போகும்போது நல்ல நெட் கிடைக்கிற இடத்தில் தடையை எடுத்து, புதுப்பித்துவிட்டு, மறுபடி போட்டுவிடுகிறேன்.

பத்து விநாடி போனது. மிச்சம் ஐந்து. இதில் ஒரு விநாடி எங்கே போனது என்பது வேடிக்கையானது. டேட்டாபேஸ் இருக்கும் இடத்துக்கு "லோக்கல்ஹோஸ்ட்" என்று பெயர் கொடுத்திருந்தேன், எல்லோரும் கொடுப்பதுபோல. சில விண்டோஸ் கணினிகளில் அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் ஐபிவி6 முகவரியான ::1 என்ற கதவைத் தட்டும். அங்கே மைஎஸ்க்யூஎல் இல்லை. தட்டிப் பார்த்து, யாரும் இல்லை என்று முடிவுக்கு வந்து, பிறகு 127.0.0.1 என்ற பழைய கதவுக்குப் போகும். இந்த அலைச்சலுக்கு ஒரு விநாடி அளவுக்குப் போய்விடும். ஒவ்வொரு பக்கத்துக்கும். கான்ஃபிக் ஃபைலில் பெயருக்குப் பதிலாக 127.0.0.1 என்று எழுதினேன், முடிந்தது. வீட்டு நம்பர் தெரிந்தும் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டு அலைந்த கதை.

மிச்சத்துக்கு இரண்டு பேர் பொறுப்பு. ஒன்று, ஓபிகேஷ். பிஹெச்பி கோடை ஒவ்வொரு முறையும் படித்து, பிரித்து, மொழிபெயர்த்து ஓட்டுவதற்குப் பதில், ஒருமுறை மொழிபெயர்த்ததை நினைவகத்தில் வைத்துக்கொள்வது அது. 2013இல் வந்த பிஹெச்பி 5.5 முதல் கூடவே வருகிறது. ஒரு வேர்ட்பிரஸ் பக்கத்துக்கு நூற்றுக்கணக்கான பிஹெச்பி ஃபைல்கள் திறக்கப்படும் என்பதால் இதன் பலன் கண்ணுக்கே தெரியும். என் ஸாம்பில் அதற்கான வரி பிஹெச்பி-இனி ஃபைலில் அரைப்புள்ளி போட்டு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கோடு எழுதிப் பழகுகிறவர்கள் செய்த மாற்றம் உடனே தெரிய வேண்டும், அதற்காக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஓபிகேஷின் இயல்பான அமைப்பிலேயே இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஃபைல் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். அணைத்து வைக்க நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, ஆன்டிவைரஸ். விண்டோஸ் டிஃபெண்டர் ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும்போது எட்டிப்பார்க்கும். நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல் என்றால் அத்தனை முறை எட்டிப்பார்க்கும். தளம் இருக்கும் ஃபோல்டரை அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் குறையும். இதை நான் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம்களைப் பூட்டு உடைத்து பென்டிரைவில் கைமாற்றிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. அந்த மாதிரி எதையாவது அதே ஃபோல்டரில் வைத்திருப்பவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வேகத்துக்காகக் காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திருடனை உள்ளே வைத்துக்கொள்வது ஆகும்.

லினக்ஸில் இந்தத் தொல்லைகளில் பாதி இல்லை. லோக்கல்ஹோஸ்ட் என்றால் அங்கே மைஎஸ்க்யூஎல்லை நேராக ஒரு சாக்கெட் வழியாகத் தொடும், கதவு தட்டும் கதையே கிடையாது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுத்து வருகிறது. அவர்கள் பேச்சைக் கேட்டு நான் எப்போதோ மாறியிருக்கலாம். ஸ்கேனர் ஓட வேண்டும் என்ற சாக்கில் விண்டோஸில் இருக்கிறேன்.

இன்னொன்று, சர்வர் வேலையை முடித்த பிறகும் திரை வெள்ளையாக நிற்பது. என் தீம் தமிழ் எழுத்துருவை கூகுளிலிருந்து இறக்கும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த வரி பக்கத்தின் தலையிலேயே இருப்பதால் அது வந்து சேரும்வரை பிரவுசர் எதையும் வரைந்து காட்டாது. அரைகுறை நெட்டில் இது ஒரு யுகம். நோட்டோ தமிழ் எழுத்துரு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, இறக்கி தீம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து டேஷ்போர்டு இரண்டு விநாடி. முகப்பு ஒன்றுக்கும் குறைவு. செலவு ஒன்றுமில்லை. அழிக்க வேண்டியது என்று எதுவுமே இருக்கவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். பதினைந்து விநாடியில் ஏறத்தாழ பதினொன்று வெறும் காத்திருப்பு, கணினி அந்த நேரத்தில் வேலையே செய்யவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்திருந்தால் ப்ராசஸர் சும்மா உட்கார்ந்திருந்தது தெரிந்திருக்கும். சும்மா உட்கார்ந்திருப்பவனிடம் சுமையைக் குறைக்கிறேன் என்று வீட்டில் இருந்த சாமான்களை வெளியே வீசியிருக்கிறேன்.

பட்டியல்களில் ஒன்றே ஒன்று எனக்குப் பொருந்தியது: படங்கள். அதுவும் அவர்கள் சொன்ன காரணத்துக்காக இல்லை. கல்வெட்டுச் சுவரை போனில் எடுத்து ஏற்றினால், 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அதற்கு 150, 300, 768, 1024, 1536, 2048 என்று ஆறு அளவில் நகலும், போதாததற்கு 2560க்குச் சுருக்கிய ஒன்றும் செய்கிறது. ஒரு படத்துக்கு ஏழு குட்டி. ஹார்ட் டிஸ்க் சுழல்வது நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது விநாடிக்குத் தொண்ணூறு. டேட்டாபேஸில் ஒரு வரி சேர்ந்தால் அது டிஸ்கில் பத்திரமாக எழுதப்பட்ட பிறகுதான் அடுத்தது என்பது இன்னோடிபியின் இயல்பு. நல்ல இயல்பு, மின்சாரம் போகிற ஊரில் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் இருநூறு படங்களை ஒன்றாக ஏற்றினால் சாயங்காலம் ஆகிவிடும் என்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. இங்கே மட்டும் கடைக்காரத் தம்பி ரேமுக்குப் பதில் எஸ்எஸ்டி என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இப்போதைக்குப் படங்களைத் தளத்தில் ஏற்றுவதில்லை. ஃபோல்டரில் வைத்து, குறிப்பில் ஃபைல் பெயரை மட்டும் எழுதுகிறேன்.

அறிவுரை கொடுப்பவர்களிடம் எனக்கு இருப்பது ஒரு கோரிக்கைதான். திரும்ப எடுக்க முடிந்த காரியத்தையும் முடியாத காரியத்தையும் ஒரே பட்டியலில் ஒரே எழுத்தில் போடாதீர்கள். கேஷ் ப்ளகின் பலிக்காவிட்டால் எடுத்துவிடலாம். ரிவிஷன் போனால் போனதுதான். ஸாம்பில் மைஎஸ்க்யூஎல் எழும்ப மறுத்தால் டேட்டா ஃபோல்டரில் இருக்கும் ஐபிடேட்டா1 ஃபைலை அழித்துப் பாருங்கள் என்று இதே தொனியில் சொல்கிற குறிப்புகளும் உலவுகின்றன. சில நேரம் அது எழும்பிவிடும், உண்மை. உங்கள் இன்னோடிபி அட்டவணைகள் பெயரளவில் இருக்கும், திறந்தால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். "சரியாயிடுச்சு ப்ரோ, நன்றி" என்று கீழே எழுதுகிறவர்கள் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

நான் இப்போது எதையும் அழுத்துவதற்கு முன் பிஹெச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் எடுத்து வேறு டிரைவில் வைக்கிறேன். பேச்சு வழக்கில் எடுத்த முதல் வடிவத்தைத் தனிப் பதிவாகவே வைக்கிறேன், அதில் கை வைப்பதில்லை.

போன மாதம் அந்தப் பெரியவரின் மகளைப் போய்ப் பார்த்தேன். என் எழுத்துத்தமிழ் வடிவத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இது அப்பா சொன்ன மாதிரி இல்லியே தம்பி, நீங்க எழுதின மாதிரி இருக்கு" என்றார். பிறகு அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். அதில் தாசிக்கு ஒரு தங்கை வருகிறாள், அப்பா கதையில் அவள் வந்த ஞாபகம் எனக்கு இல்லை. வரவில்லையா, நான்தான் வெட்டினேனா என்று இனி பார்க்க முடியாது. அவர் சொன்னதை அப்படியே தட்டியிருக்கிறேன், அடுத்த குறிப்பாக வரும்.